வயல் வரம்பிலே வளரும் மருந்துப் பூண்டுகள்
அவற்றின் பயனும், உள்ளிருக்கும் இரசாயனமும், கமக்காரர் கைக்கொள்ளவேண்டிய எச்சரிக்கையும்

பெரும்போகத்துக்கு வயலைப் பண்படுத்தும்போது வரம்பைச் செதுக்குகின்றோம். அவ்வேளை மண்வெட்டியில் அகப்படும் பூண்டுகள் யாவற்றையும் களையென்றே கருதி ஒதுக்கிவிடுகின்றோம். பயிருக்குரிய நீரையும் உரத்தையும் பங்கிட்டுக்கொள்வதால் அவை களைகளே என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவற்றுட் பல, நம் முன்னோர் பல நூற்றாண்டுகளாக மருந்தென மதித்துப் போற்றியவையாகும்.

விவசாயப் பாடசாலையில் டிப்ளோமாப் பயிற்சி பெற்ற காலத்தில், நெல்வயற் களைகளைச் சேகரித்து, அழுத்தி உலர்த்தி, பெயரெழுதி ஒப்படைக்கும்படி எம்மைப் பணித்தனர். விடுமுறையில் அக்கட்டை வீட்டுக்கு எடுத்துச்சென்றேன். எழுத்தறியாத என் ஆச்சி அத்தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, பாதிக்கு மேற்பட்டவற்றைப் பெயர் சொல்லி, இன்ன பூண்டு இன்ன நோய்க்கு என்று கூறினார். “களையென்று எழுதியிருக்கிறாய், மருந்தென்றும் ஒரு வரி எழுதிவிடு” என்றார். அவ்வொரு வரியையே இங்கு சற்று விரித்து எழுத முயல்கின்றேன். ஆனால் ஆச்சி சொல்லாத வேறொரு வரியும் உண்டு. மருந்தென்று அறிந்தால் மட்டும் போதாது; எதற்கு மருந்து, எதற்கு மருந்தன்று என்பதையும் அறிதல் வேண்டும். அவ்வறியாமையால் உயிரிழப்பு நேர்வதுண்டு.

பூண்டுகளில் மருந்து எவ்வாறு உண்டாகிறது?

பூண்டு ஓடித் தப்ப முடியாதது. பூச்சி, பூஞ்சணம், கால்நடை ஆகியவற்றினின்றும் தன்னைக் காத்துக்கொள்ளப் பல இரசாயனப் பொருள்களை அஃது ஆக்கிக்கொள்கின்றது. புகையிலைச் சாற்றைப் பூச்சிக்குத் தெளித்த பழைய தோட்டக்காரர், புகையிலை தன் பாதுகாப்புக்கென ஆக்கிய நிக்கொட்டினையே பயன்படுத்தினர். மருந்துப் பூண்டுகளிலுள்ள பொருள்களும் இத்தகையனவே. அவற்றை நான்கு வகையாகக் கொள்ளலாம்.

முதலாவது அல்கலோயிட்டுக்கள். இவை நைதரசன் அடங்கியவை, பெரும்பாலும் கசப்பானவை, சிறிதளவிலேயே உடலிற் பெரிய விளைவை உண்டாக்குபவை. இரண்டாவது சப்போனின்கள். இவை நீரிற் கலக்கும்போது சவர்க்காரம்போல நுரைப்பவை. மூன்றாவது லிக்னன், கூமெஸ்தான் முதலிய பினோலினப் பொருள்கள். இவற்றுட் சில நீரில் எளிதிற் கரையா. கொழுப்பிலும் அற்ககோலிலும் நன்கு கரையும். நான்காவது மணந்தரும் ஆவிப்பறப்புள்ள எண்ணெய்கள். இவை வெயிலிற் காயவைத்தாலும் நெடுநேரம் கொதிக்கவைத்தாலும் பறந்துபோவன.

இவ்வேறுபாட்டை அறிந்தால், நம் வைத்தியர் சில பூண்டுகளைக் கஷாயமாகவும், சிலவற்றைப் பாலில் அரைத்தும், சிலவற்றை எண்ணெயிற் காய்ச்சியும் கொடுத்தமைக்கு ஒருவாறு காரணம் புலப்படும். அவர்கள் இப்பொருள்களின் பெயரை அறியார். ஆனால் அனுபவத்தால் முறையை அறிந்திருந்தனர். யாழ்ப்பாண அரசர் காலத்தில் எழுந்த செகராசசேகரம், பரராசசேகரம் எனும் வைத்திய நூல்கள் அவ்வனுபவத்தின் திரட்டே.

கீழ்க்காய்நெல்லி

மழை பெய்து சில வாரங்களில் வரம்பிலும், வெண்காயப் பாத்தியிலும், கிணற்றடியிலும் தானே முளைப்பது இது. ஓரடி முதல் ஒன்றரையடி வரை வளரும். சிறு இலைகள் இருபுறமும் வரிசையாக அமைய, அவ்வரிசையின் கீழ்ப்புறத்தில் மிளகினும் சிறிய காய்கள் தொங்கும். மருந்துக்கு எடுப்பது பச்சைத் தண்டும், சிறு காம்புடன் வழுவழுப்பான காயும் உடைய இனமாகும். தண்டு செந்நிறமாகவும், காய் காம்பின்றிச் சொரசொரப்பாகவும் இருப்பின் அது வேறினம்.

இதன் இலையிலே பில்லாந்தின், ஹைப்போபில்லாந்தின் என்னும் லிக்னன்கள் உள்ளன. கசப்புக்குக் காரணமான பில்லாந்தின் 1946ஆம் ஆண்டிற் பிரித்தெடுக்கப்பட்டது. இலையை அரைத்துப் பாலிலோ மோரிலோ கலந்து செங்கண்மாரி எனப்படும் காமாலைக்குக் கொடுப்பது நம் ஊர்களில் எல்லோரும் அறிந்த வழக்கம்.

இவ்வழக்கத்தை விஞ்ஞானிகள் அலட்சியம் செய்தாரல்லர். ஈரல் அழற்சி ‘பி’ வைரசைக் கண்டறிந்தமைக்காக 1976இல் நோபெல் பரிசு பெற்ற பரூக் புளூம்பேர்க்கும், சென்னையைச் சேர்ந்த எஸ். பி. தியாகராஜன் முதலியோரும் நடத்திய ஆய்வொன்று 1988இல் வெளியாயிற்று. அவ்வைரசைத் தம் குருதியிற் காவித்திரிந்தோருள், இப்பூண்டின் தூளை 30 நாட்கள் உண்டவரில் 59 வீதத்தினருக்கு வைரசின் அடையாளம் குருதியிலிருந்து மறைந்தது; வெறுந்தூள் உண்டவரில் 4 வீதத்தினருக்கே மறைந்தது. இச்செய்தி உலகெங்கும் பெருநம்பிக்கையை ஊட்டியது. ஆனால் பின்னர் வேறு நாடுகளில் நடத்திய பரிசோதனைகளில் அதே பலன் கிடைக்கவில்லை. ஆகவே இப்பூண்டு அவ்வைரசை ஒழிக்கும் என்று இன்று உறுதி கூறுதற்கில்லை.

அங்ஙனமாயின் செங்கண்மாரி கண்ட பலர் இதனை உண்டு சுகமடைந்தது எவ்வாறு? நீராலும் உணவாலும் பரவும் ஈரல் அழற்சி ‘ஏ’ நோய், பெரும்பாலாரிற் சில வாரங்களில் தானே மாறிவிடும் இயல்புடையது. ஓய்வும் இலகுவான உணவும் இருந்தாற் போதும். அதற்கிடையில் உண்ட பூண்டுக்கு அப்புகழ் சேர்ந்துவிடுகிறது.

செங்கண்மாரியெல்லாம் ஒன்றன்று

இப்பிரசுரத்தில் மிக முக்கியமான பகுதி இதுவேயாகும். கண் மஞ்சளாவது ஒரு நோயன்று. பல நோய்களின் அடையாளம். அவற்றுள் ஒன்று, சேற்றில் இறங்கும் கமக்காரரையே தேடிவரும் எலிக்காய்ச்சல்.

சில ஆண்டுகளுக்கு முன், என் பகுதியிற் கமக்காரர் ஒருவரின் வயலைப் பார்வையிடச் சென்றேன். களையெடுப்பு முடிந்த காலம். அவர் வயலில் இல்லை. வீட்டுத் திண்ணையிற் போர்த்துக்கொண்டு கிடந்தார். நான்கு நாட்காய்ச்சல். கெண்டைக்காலைத் தொடவிடாத நோவு. கண் சிவந்து, விளிம்பு மஞ்சளாகியிருந்தது. அருகில் ஒரு கிண்ணத்திற் கீழ்க்காய்நெல்லி அரைத்த பால் இருந்தது. “செங்கண்மாரிதான் தம்பி, மூன்று வேளை குடித்துவிட்டேன், இன்னும் நான்கு வேளை குடித்தால் இறங்கிவிடும்” என்றார். சிறுநீர் போகிறதா என்று கேட்டேன். நேற்றிரவிலிருந்து போகவில்லை என்று அவர் மனைவியார் மறுமொழி சொன்னார். அன்றே அவரை வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றோம். சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தது. பல நாட்கள் சிகிச்சை பெற்று உயிர் தப்பினார். இன்னும் நான்கு வேளை அவர் காத்திருந்தாராயின் என்ன நேர்ந்திருக்கும் என்பதை எண்ணவும் மனம் கூசுகின்றது.

அப்பூண்டு அவருக்குத் தீங்கு செய்யவில்லை. அவருடைய காலத்தையே எடுத்துக்கொண்டது. எலிக்காய்ச்சலுக்குக் காரணம் ஒரு பற்றீரியா. எலி, மாடு, எருமை முதலியவற்றின் சிறுநீரோடு வயல் நீரிற் கலந்து, நம் கால் வெடிப்பு, கீறற்காயம், கண், வாய் ஆகியவற்றின் வழியே உட்புகும். பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு கிழமைகளிற் காய்ச்சல் காணும். தொடக்கத்திலேயே தகுந்த நுண்ணுயிர்கொல்லி மருந்து கொடுத்தாற் குணப்படுத்தலாம். பிந்தினால் ஈரல், சிறுநீரகம், நுரையீரல், இருதயம் ஆகியன பழுதடையும். 2008ஆம் ஆண்டில் இலங்கையில் 7,000க்கு மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளானதாகப் பதிவாயிற்று. அவர்களில் 200 பேருக்கு மேல் மாண்டனர். 2024 டிசம்பரில், பெருமழையும் வெள்ளமும் கண்ட யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் இந்நோயாற் பல உயிர்கள் இழக்கப்பட்டன.

ஆகையாற் சேற்றில் இறங்கி வேலைசெய்த ஒருவருக்குக் காய்ச்சல், கடுந்தலையிடி, தசைநோவு, கண்சிவப்பு, கண்மஞ்சள், சிறுநீர் குறைதல் ஆகியவற்றுள் எது கண்டாலும் பூண்டரைக்கும் அம்மியை நாடாது வைத்தியசாலையை நாடுக. வயலில் இறங்கியதை வைத்தியரிடம் தவறாது சொல்லுக. இடருள்ள பருவத்தில் முற்காப்பாக உண்ணவேண்டிய தொக்சிசைக்கிளின் மருந்தைப் பற்றி உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முன்கூட்டியே கேட்டறிக. கர்ப்பிணிகளும் பிள்ளைகளும் வைத்திய ஆலோசனையின்றி அம்மருந்தை உண்ணலாகாது.

வல்லாரை

வாய்க்காலோரத்து ஈரத்திற் படர்ந்து, கணுதோறும் வேர்விடும் இக்கொடியை அறியாதார் இல்லை. சிங்கள மக்கள் கொட்டுகொல என வழங்கிச் சம்பலாகவும் இலைக்கஞ்சியாகவும் உண்பர். புண்ணுக்கு அரைத்துக் கட்டுவதும், ஞாபகத்துக்கென்று பிள்ளைகளுக்குக் கொடுப்பதும் பழைய வழக்கம்.

இதிலுள்ள ஏசியாற்றிக்கோசைட்டு, மடெக்கசோசைட்டு என்பன சப்போனினினத்தைச் சேர்ந்தவை. இவற்றுள் முன்னையது 1940களில், மடகாஸ்கரில் வளரும் வல்லாரையிலிருந்து பிரெஞ்சு இரசாயனவியலாளராற் பிரித்தெடுக்கப்பட்டது. தோலுக்கு உறுதிதரும் கொலாஜன் என்னும் புரதம் புண்ணிலே உண்டாவதை இப்பொருள்கள் தூண்டுகின்றன. இவற்றைக்கொண்டு செய்த களிம்புகள் இன்று பல நாடுகளில் விற்பனையாகின்றன. எனவே புண்ணுக்கு வல்லாரை என்ற வழக்குக்கு இரசாயனச் சான்று உண்டு. ஆயினும் கழுவாத இலையைத் திறந்த புண்ணிற் கட்டினாற் சேற்றுக்கிருமியும் உடன்புகும்.

வல்லாரை தான் நிற்கும் மண்ணிலும் நீரிலுமுள்ள ஈயம் முதலிய பார உலோகங்களைத் தன்னுள் ஈர்த்துக்கொள்ளும் தன்மையது. தெருவோரக் கானிலும் கழிவுநீர் ஓடும் வாய்க்காலிலும் வளர்ந்தது எத்துணைச் செழிப்பாயினும் உண்ணற்குரியதன்று. உணவாக அளவோடு உண்பதில் அச்சமில்லை. ஆனால் மாத்திரையாக வாரக்கணக்கில் உட்கொண்ட சிலருக்கு ஈரல் அழற்சி கண்டதாக வைத்திய வெளியீடுகளிற் பதிவுண்டு.

நீர்ப்பிரமி

நீர் தேங்கும் வயலோரத்திற் பாய்போலப் படர்ந்து, சிறிய தடித்த இலைகளும் வெண்ணீலப் பூக்களும் உடையது. வல்லாரையையும் இதனையும் சிலர் ஒரே பெயரால் வழங்குவதால் மயக்கம் நேர்கின்றது. இரண்டும் வெவ்வேறு குடும்பத்துப் பூண்டுகள். வல்லாரையின் இலை சிறுநீரக வடிவினது. நீர்ப்பிரமியின் இலை காம்பின்றி நீண்டு சிறுத்தது.

இதிலுள்ள பகோசைட்டு எனும் சப்போனின்களே ஞாபகசக்திக்குக் காரணமென ஆராயப்பட்டு வருகின்றன. 12 வாரம் தொடர்ந்து உண்டவரிடத்தே சிறிதளவு முன்னேற்றம் சில ஆய்வுகளிற் காணப்பட்டது. பரீட்சைக்கு முதல்நாள் கொடுப்பதாற் பயனொன்றும் இல்லை. வெறும் வயிற்றில் உண்டாற் குமட்டலும் வயிற்றோட்டமும் உண்டாகலாம்.

கையாந்தகரை

கரிசலாங்கண்ணி எனவும்படும். ஈரவரம்பிற் சொரசொரப்பான இலையும் வெண்ணிறச் சிறுபூவும் கொண்டு நிற்கும். தண்டை நசுக்கிச் சிறிது நேரம் விட்டாற் சாறு கறுத்துவிடும். மஞ்சட் பூவுடைய இனமும் உண்டு; அதனைப் பொற்றலைக் கையாந்தகரை என்பர். வெடலோலக்ரோன் என்னும் கூமெஸ்தான் பொருளை 1956ஆம் ஆண்டிற் சென்னையில் ரி. ஆர். கோவிந்தாச்சாரி முதலியோர் அம்மஞ்சள் இனத்திலிருந்தே பிரித்தெடுத்தனர். வெள்ளைப்பூ இனத்திலும் அப்பொருள் உண்டு. இலைச்சாற்றை எண்ணெயிற் காய்ச்சித் தலைக்கு வைப்பதும், ஈரல் நோய்க்குக் கொடுப்பதும் வழக்கம்.

1989இல் பிரேசில் நாட்டு ஆராய்ச்சியாளர், இப்பூண்டின் சத்து அந்நாட்டுப் பாம்பொன்றின் விஷத்தை ஆய்வுகூடத்தில் தடுத்ததெனக் கண்டனர். இதனைக் கேள்வியுற்று எவரும் மயங்கலாகாது. ஆய்வுகூடத்தில் விஷத்தோடு மருந்தைக் கலந்து சோதிப்பது வேறு. கடிபட்டவரின் குருதியிற் கலந்துவிட்ட விஷத்தை முறிப்பது வேறு. நம் வயலில் நடமாடும் கண்ணாடிப் புடையனின் கடிக்கு வைத்தியசாலையிற் கொடுக்கும் விஷமுறிவு ஊசியே மருந்து. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காது, இறுகக் கட்டாது, வெட்டாது, உடனே 1990 இலக்க அம்புலன்ஸை அழைக்க.

நீர்முள்ளி

வயற்பள்ளத்திலும் குளக்கரையிலும், கணுதோறும் நீண்ட முள்ளும் ஊதாப்பூவும் உடையதாய் நிற்கும். உடல்வீக்கத்துக்கும் நீரடைப்புக்கும் கஷாயமாகக் கொடுப்பர். சிறுநீரைப் பெருக்கும் தன்மை விலங்குகளில் நடத்திய சோதனைகளிலும் காணப்பட்டுள்ளது. வேரில் லூப்பியோல் என்னும் பொருள் உள்ளது.

வீக்கத்துக்குக் காரணம் சிறுநீரகப் பழுதாக இருப்பின் இக்கஷாயத்தைத் தாமாகக் குடிப்பது ஆபத்து. பழுதுற்ற சிறுநீரகத்தால் பூண்டிலுள்ள பொற்றாசியத்தை வெளியேற்ற இயலாது. அது குருதியில் மிகுந்தால் இருதயத்தைத் தாக்கும். 1990கள் தொட்டு வடமத்திய மாகாணத்து நெற்கமக்காரரைப் பெரிதும் வருத்திவரும் சிறுநீரக நோயை நாம் யாவரும் அறிவோம். அந்நோயாளர் வைத்தியரைக் கேளாது எக்கஷாயமும் அருந்தலாகாது.

கோரைக்கிழங்கு

மரக்கறித் தோட்டக்காரரின் பெரும்பகையாகிய கோரையே மருந்துக்கடையில் முத்தக்காசு என்னும் பெயர் பெறுகின்றது. உலகின் கொடிய களைகளை 1977இல் வரிசைப்படுத்திய அறிஞர், இதற்கே முதலிடம் அளித்தனர். இக்கிழங்கின் மணத்துக்குச் சைப்பரின், சைப்பரோன் முதலிய எண்ணெய்ப் பொருள்கள் காரணம். காய்ச்சலுக்கும் வயிற்றோட்டத்துக்கும் கஷாயத்திற் சேர்ப்பர்.

கிழங்குகள் சங்கிலிபோலத் தொடர்ந்து மண்ணுள் இருப்பதால் மேலே செதுக்குவதாற் பயனில்லை. கோடையில் ஆழக்கொத்திப் பொறுக்கி வெயிலிற் பரப்பினால் அவை நீர்வற்றி மடியும். நிழலையும் கோரை தாங்காது. ஆதலின் நெருங்கிப் படரும் பயிரை மாற்றிப் பயிரிடுவது நன்று. பொறுக்கிய கிழங்கைக் கழுவி, வேர்நீக்கி உலர்த்தினால், களையெடுத்த கூலியில் ஒரு பங்கை மருந்துக் கடையிற் பெறலாம். விற்க எண்ணுபவர் களைநாசினி தெளித்த நிலத்துக் கிழங்கை விலக்குக.

ஆடாதோடை

இது வரம்பிலன்றி வேலியில் நிற்பது. ஆடு தின்னாததால் வேலிக்கும், இலை விரைவில் உக்குவதால் வயலுக்குப் பசுந்தாட்பசளையாகவும் உகந்தது. இலையிலுள்ள வாசிசின் என்னும் அல்கலோயிட்டு 1888இற் பிரித்தெடுக்கப்பட்டது. சளியை இளக்கும் அதன் தன்மையை ஆராய்ந்தே 1960களிற் புரோம்ஹெக்சின் என்னும் இருமல் மருந்து ஆக்கப்பட்டது. இன்று மருந்தகத்தில் நாம் வாங்கும் அம்புரொக்சோலும் அதன் வழிவந்ததே. வேலியிலிருந்து தொடங்கி வைத்தியர் எழுதும் சீட்டுவரை சென்ற பூண்டு இதுவெனலாம்.

எனினும் வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யவல்லது. கர்ப்பிணிகளுக்கு எவ்வகையிலும் கொடுக்கலாகாது. இரண்டு கிழமைக்கு மேல் நீடிக்கும் இருமல் காசநோயாக இருக்கலாம். சளிப்பரிசோதனை செய்துகொள்ளல் வேண்டும்.

சேகரிப்பும் செய்கையும்

களைநாசினியோ பீடைநாசினியோ தெளித்த வயலின் வரம்பிலிருந்து அப்போகம் முழுவதும் மூலிகை பறித்தல் ஆகாது. பக்கத்து வயலிற் தெளித்ததும் காற்றோடு வரும் என்பதை மறவாதிருக்க. ஆகவே வீட்டுக்கு வேண்டிய பூண்டுகளை வீட்டுத்தோட்டத்திலேயே சிறு பாத்தியில் வளர்ப்பதே சிறந்த வழி.

வல்லாரைக்கும் நீர்ப்பிரமிக்கும் வேர்விட்ட கொடித்துண்டுகளை ஒரு சாண் இடைவெளியில் நட்டு, பகுதி நிழலும் இடையறா ஈரமும் கொடுத்தாற் போதும். கூட்டெருவும் நன்கு உக்கிய மாட்டெருவுமே தக்க பசளை. ஏறத்தாழ இரண்டு மாதங்களில் முதல் அறுவடை செய்யலாம்; கொடியைப் பிடுங்காது இலையை மட்டும் கொய்தால் மீண்டும் தழைக்கும். கீழ்க்காய்நெல்லியின் விதை மிகச் சிறிதாதலால் மணலுடன் கலந்து தூவுக, மண்ணால் மூடற்க.

உலர்த்துவதற்குக் கழுவிய பூண்டைக் காற்றோட்டமுள்ள நிழலில் மெல்லிதாகப் பரப்புக. தண்டு ஒடிந்து சத்தமிடும் பதம் வந்தபின்னரே கட்டுக. ஈரத்துடன் கட்டினாற் பூஞ்சணம் பிடித்து நஞ்சாகும். உலர்ந்த மூலிகைகளிற் பெரும்பகுதியை நம் நாடு இந்தியாவிலிருந்து இறக்குமதி செய்கின்றது. சுத்தமாகவும் கலப்பின்றியும் உலர்த்திக் கொடுப்போர்க்குச் சந்தை உண்டு. பயிரிடுமுன் வாங்குவோரை விசாரித்து அறிந்துகொள்வது புத்தி.

நினைவிற் கொள்ளவேண்டியவை

1. பூண்டை ஐயமற இனங்கண்ட பின்னரே பயன்படுத்துக.
2. தெளித்த வரம்பு, தெருவோரம், கழிவுநீர் வாய்க்கால் ஆகியவற்றில் வளர்ந்ததை விலக்குக.
3. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், சிறு பிள்ளைகள், சிறுநீரக நோயாளர், நீரிழிவுக்கோ குருதியமுக்கத்துக்கோ மருந்துண்போர் ஆகியோர் வைத்திய ஆலோசனையின்றி உண்ணலாகாது.
4. சித்த மருந்து வேண்டுவோர், 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின்படி பதிவுபெற்ற வைத்தியரை நாடுக.
5. வைத்தியசாலைக்குச் செல்லும்போது, உண்ட பூண்டு எதுவென்பதை மறையாது கூறுக.
6. சேற்றில் இறங்கியவரின் காய்ச்சலுக்கும், பாம்புக்கடிக்கும் கைமருந்து செய்து காலத்தைப் போக்கற்க.

கமக்கார நண்பர்களே, நம் முன்னோர் விட்டுச்சென்ற அறிவை எள்ளி நகையாடுவதும் தவறு. ஆராயாது பின்பற்றுவதும் தவறு. எந்தப் பூண்டு எந்த நிலத்துக்கு ஏற்றது, எக்காலத்தில் விதைப்பது என்று அளந்து செய்பவர் நீங்கள். அதே அளவறிவை மருந்திலும் கையாளுங்கள். வரம்பிலுள்ள பூண்டொன்றின் பெயரில் ஐயம் இருப்பின், பூவும் காயும் வேரும் கெடாமற் பிடுங்கி, உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கொண்டுவந்து காட்டுங்கள்.